போன பல் போனதுதானா?

“அம்மா! இந்தப் பக்கம் மென்னா உயிர் போகுதும்மா!”

2025 பொங்கல் முடிந்து நாலு நாள் ஆகியிருக்கும். வீட்டில் இரண்டு துண்டு கரும்பு மிச்சம் இருந்தது. ப்ளஸ் டூ படிக்கும் என் பெண், ராத்திரி பதினொரு மணிக்குக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தேன். கீழ்வரிசையில் வலது கடைவாய்ப் பல்லின் நடுவே ஒரு குழி. குழிக்குள் கன்னங்கரேலென்று சொத்தை. அப்போதைக்கு ஒரு கிராம்பை நசுக்கி வைத்துப் படுக்க வைத்தேன்.

காலையில் வீட்டில் பஞ்சாயத்து கூடியது. “பிடுங்கிப் போட்டுட்டா சனியன் விட்டுது. எனக்கு எத்தனை பல்லைப் பிடுங்கினாங்க, நான் என்ன செத்தா போயிட்டேன்?” என்றார் என் மாமியார். இவரும், “பரீட்சை நேரம் வேற. ஐநூறு ரூபாயோட போயிடும். சாயங்காலம் அழைச்சிட்டுப் போய்ப் பிடுங்கிட்டு வந்துடு” என்று சொல்லிவிட்டுக் கடைக்குக் கிளம்பிவிட்டார்.

நான் பதில் பேசவில்லை. என் நாக்கு தானாக என் வாயின் இடது பக்கம் போய் நின்றது. அங்கே 2008-லிருந்து ஒரு பல் இல்லை.

அந்தக் கதையைச் சொன்னால்தான் சகோதரிகளுக்கு மற்றது புரியும். இந்தப் பெண்ணை வயிற்றில் சுமந்தபோது, ஏழாவது மாதத்தில் எனக்குப் பல்வலி வந்தது. “பிள்ளைத்தாச்சி பல்லுல கை வைக்கக் கூடாது”, “பிள்ளை பெத்தா ஒரு பல்லு போகத்தான் செய்யும், அதுதான் கணக்கு” என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நானும் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்துக்கொண்டு இரண்டு மாதத்தை ஓட்டினேன். குழந்தை பிறந்து மூன்றாம் மாதம் கன்னம் இட்லி மாதிரி வீங்கியது. கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். “ஆறு மாசம் கழிச்சு வந்து அந்த இடத்துல பல் கட்டிக்கோங்க” என்று அன்றைக்கே சொன்னார்கள். ஆறு மாதம் பதினேழு வருடமாகிவிட்டது. குழந்தைக்கு மொட்டை, காதுகுத்து, நாத்தனார் கல்யாணம், பள்ளிக்கூடப் பணம் என்று ஒன்று போனால் ஒன்று வந்தது. வெளியே தெரியாத பல்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். வலது பக்கமே மென்று பழகியும் போயிற்று.

இளம் தாய்மார்களுக்காக இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். வயிற்றுப் பிள்ளை தாயின் பல்லிலிருந்து சுண்ணாம்புச் சத்தை உறிஞ்சி எடுத்துக்கொள்வதில்லை. மசக்கை வாந்தியின் புளிப்பு பல்லை அரிக்கும். அந்த நாட்களில் ஈறும் சட்டென்று வீங்கி ரத்தம் கசியும். அடிக்கடி ஏதாவது கொறிப்போம். அசதியில் பல் துலக்கக்கூடச் சோம்பல் வரும். இதனால்தான் சொத்தை கூடுகிறது. வாந்தி எடுத்தால் உடனே பிரஷ்ஷை எடுக்காமல் வெறும் தண்ணீரில் நன்றாகக் கொப்பளித்துவிட்டு, அரை மணி கழித்துத் துலக்க வேண்டும். பல்லுக்கு வைத்தியம் பார்த்துக்கொள்ள நாலு முதல் ஆறு மாதம் வரை வசதியான காலம். வலியோ வீக்கமோ வந்துவிட்டால் எந்த மாதமானாலும் காட்டத்தான் வேண்டும். “இத்தனை மாசம்” என்று முதலிலேயே சொல்லிவிட்டால் மருந்தையும் எக்ஸ்ரேயையும் அவர்கள் அதற்குத் தகுந்தபடி பார்த்துக்கொள்வார்கள். இதை எனக்கு 2008-ல் யாராவது சொல்லியிருந்தால்!

சாயங்காலம் பெண்ணை அழைத்துக்கொண்டு கும்பகோணம் கடைத்தெருப் பக்கம் இருக்கும் ஒரு பல் டாக்டரிடம் போனேன். டாக்டரம்மாவுக்கு முப்பது வயதுதான் இருக்கும், நிதானமானவர். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, “இது ஆறு வயசுப் பல்லும்மா” என்றார். என் பெண்ணுக்குப் பதினேழு ஆகிறதே என்று விழித்தேன்.

அதாவது, ஆறு வயது வாக்கில், கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் நிரந்தரக் கடைவாய்ப் பல் ஒன்று மேலும் கீழும் இரண்டு பக்கமும் முளைக்கிறது. ஆக நாலு பல். இவை முளைக்க எந்தப் பால்பல்லும் விழ வேண்டியதில்லை. அதனால் நாம் அதையும் பால்பல் என்றே நினைத்துக்கொள்கிறோம். ‘விழுந்து முளைக்கிற பல்தானே’ என்று சொத்தையைக் கண்டும் விட்டுவிடுகிறோம். ஆனால் அது விழுந்து முளைக்கிற பல் அல்ல. என் பெண்ணுக்கு ஒன்பது வயதில் அங்கே ஒரு கரும்புள்ளி இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். அன்று போயிருந்தால் சும்மா அடைத்துவிட்டு வந்திருக்கலாம். உங்கள் வீட்டில் ஆறேழு வயதுக் குழந்தை இருந்தால் இன்று ராத்திரி தூங்கப்போகுமுன் வாயைத் திறக்கச் சொல்லிக் கடைசிப் பல்லைப் பாருங்கள்.

“பிடுங்கிடலாமா டாக்டர்?” என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்கு உள்ளுக்குள் சங்கடமாக இருந்தது.

“பிடுங்க ஐநூறு ரூபாதாம்மா. ஆனா அந்த இடத்தைக் காலியா விட முடியாதே. பல் கட்டினா பதினைஞ்சாயிரம் ஆகும். இம்ப்ளான்ட்னா முப்பதாயிரத்துக்கு மேல போகும். இந்தப் பல்லுக்கு வேர் நல்லா இருக்கு. வேர் சிகிச்சை செஞ்சு, மேலே ஒரு கேப் போட்டா ஒன்பதாயிரத்துல முடிஞ்சிடும். பல்லும் அவளோடதாவே இருக்கும்.”

இது எங்கள் ஊரில் அந்த இடத்தில் சொன்ன கணக்கு. ஊருக்கு ஊர், பொருளுக்குப் பொருள் விலை மாறும். ஆனால் எங்கே கேட்டாலும் இருக்கிற பல்லைக் காப்பாற்றுகிற செலவு, போன பல்லை வைக்கிற செலவைவிடக் குறைவாகத்தான் வருகிறது. ஐநூறு ரூபாய் வைத்தியம் முப்பதாயிரம் ரூபாய்க் கடனுக்கு முன்பணம் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

வீட்டில் சொன்னதும் இவர், “ஒத்தைப் பல்லுக்கு ஒன்பதாயிரமா!” என்று வாயைப் பிளந்தார். என்னிடம் சீட்டுப் பணம் முப்பதாயிரம் இருந்தது. பழைய ஃப்ரிட்ஜ் இரைச்சல் போடுகிறதே, புதிதாக வாங்கலாம் என்று சேர்த்த பணம். “என் பணத்துல பார்த்துக்கறேன். அவ வாயிலயும் ஓட்டை விழ நான் விட மாட்டேன்” என்றேன்.

இவர் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். “அவ வாயிலயும்னா? வேற யார் வாயில ஓட்டை?”

பதினேழு வருடமாக எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிற மனுஷருக்கு நான் ஒரு பக்கம்தான் மெல்லுகிறேன் என்று தெரியவில்லை! அவரைச் சொல்லியும் குற்றமில்லை. நான் வாய் திறந்து சொன்னதே இல்லையே.

வேர் சிகிச்சை என்றாலே பயப்படுகிறோம். நானும் பயந்தேன். ஈறில் ஊசி போட்டு மரத்துப்போன பிறகுதான் தொடங்குகிறார்கள். பல்லுக்கு நடுவே நரம்பும் ரத்த ஓட்டமும் உள்ள சதை இருக்கிறது. சொத்தை அதுவரைக்கும் போய்விட்டால் வலி கொல்லும். பல்லின் தலையில் சின்னத் துளை போட்டு அந்தக் கெட்ட சதையை எடுத்துவிடுகிறார்கள். கீழ்க் கடைவாய்ப் பல்லுக்குப் பெரும்பாலும் இரண்டு வேர், அதற்குள் மூன்று குழாய், சிலருக்கு நாலு. மெல்லிய ஊசிகளால் அதைச் சுத்தம் செய்து, மருந்துத் தண்ணீரால் அலசி, கட்டாபெர்ச்சா என்ற ஒரு மரத்துப் பாலிலிருந்து வரும் ரப்பர் மாதிரியான பொருளால் அடைக்கிறார்கள். என் பெண்ணுக்கு இரண்டு முறை போக வேண்டியிருந்தது. இரண்டாம் முறை நாற்காலியிலேயே கண் அயர்ந்துவிட்டாள்.

பலரும் தவறு செய்வது இதற்கு அப்புறம்தான். வலி நின்றுவிட்டதே, கேப் எதற்கு, அது ஐயாயிரம் தண்டம் என்று விட்டுவிடுகிறார்கள். சொத்தையையும் சுரண்டி, நடுவிலும் துளைத்த பல், ஓடு மட்டும் நிற்கிற தேங்காய் மாதிரி. கடைவாய்ப் பல்லாக இருந்தால் கடிக்கிற வேகத்தில் பிளந்துவிடலாம். எங்கள் தெருவில் ஒரு அம்மாள் கேப் போடாமலே எட்டு மாதம் ஓட்டினார். பட்டாணி கடிக்கப் போய் பல் இரண்டாகப் பிளந்து, வேர் சிகிச்சைக்குக் கொடுத்த பணமும் போய், பல்லையும் பிடுங்க வேண்டியதாயிற்று.

பெண்ணுக்குக் கேப் வைத்த அன்று டாக்டரம்மா, “நீங்களும் உட்காருங்கம்மா, பார்க்கலாம்” என்றார். அப்புறம் ஒரு சின்னக் கண்ணாடியை என் கையில் கொடுத்து, என் வாய்க்குள்ளேயே என்னைப் பார்க்கச் சொன்னார்.

கல்யாணப் பந்தியில் ஒருவர் எழுந்துபோனால் பக்கத்து இலைக்காரர் கொஞ்சம் தளர்ந்து சாய்ந்து உட்காருவார் இல்லையா? அதேதான் அங்கேயும் நடந்திருந்தது. பல் போன இடத்துக்குப் பின்னால் இருந்த பல் முன்பக்கமாகச் சாய்ந்திருந்தது. சாய்ந்த இடுக்கில் சாதப் பருக்கை சிக்கிச் சிக்கி அதிலும் பெரிய சொத்தை. இதைவிட, எதிரே கடிக்க ஆள் இல்லாததால் மேல்வரிசைப் பல் ஒன்று மெல்ல மெல்லக் கீழே இறங்கி நின்றது. தாடை எலும்போ, வேலை இல்லாமல் சுருங்கிப் போயிருந்தது. பல்லின் வேர் இருக்கும்வரைதான் எலும்பு அந்த இடத்தில் தன் கனத்தோடு இருக்குமாம். பிடுங்கிய பிறகு, அதிலும் முதல் வருடத்தில், வேகமாகக் கரைகிறது. ஒரு பல் போனதாக நான் நினைத்திருந்தேன். மூன்று பல் கெட்டிருந்தது.

போன பல்லுக்கு என்ன வழி என்று கேட்டேன். மூன்று வழி சொன்னார்.

முதலாவது, கழற்றி மாட்டுகிற பல். இருப்பதில் மலிவு இதுதான். பக்கத்துப் பற்களை ராவ வேண்டாம். ஒன்றிரண்டு பல்லுக்குப் பிளாஸ்டிக் தட்டில் வைத்துக் கொடுப்பார்கள். இன்னும் மெல்லியதாக, கெட்டியாக வேண்டுமென்றால் உலோகத் தட்டிலும் செய்யலாம். ராத்திரி கழற்றி வைக்க வேண்டும். கடைவாயில் மெல்லும்போது அசையும். ‘அவசரத்துக்கும் கைச் சுருக்கத்துக்கும் இது போதும்’ என்பது என் அபிப்பிராயம்.

இரண்டாவது பிரிட்ஜ், அதாவது பாலம். காலி இடத்துக்கு இரண்டு பக்கமும் உள்ள பற்களைச் சுற்றி ராவி, மூன்று கேப்பைச் சேர்த்து ஒரே துண்டாகச் செய்து ஒட்டிவிடுவார்கள். நடுவில் உள்ளது தொங்கு பல். பத்துப் பதினைந்து நாளில் வேலை முடிந்துவிடும். குறை என்னவென்றால், நன்றாக இருக்கிற பல்லையும் ராவியாக வேண்டும். ராவிய பல் மறுபடி வளராது.

மூன்றாவது இம்ப்ளான்ட். தாடை எலும்பில் டைட்டானியம் திருகு ஒன்றைப் பதித்து, அது எலும்போடு ஒட்டிப்பிடிக்க மூன்று முதல் ஆறு மாதம் காத்திருந்து, அதன் தலையில் கேப் வைப்பது. இது கண்டுபிடித்த கதை வேடிக்கையானது. ஸ்வீடன் நாட்டில் பிரோனமார்க் என்ற டாக்டர், 1952 வாக்கில், எலும்பு எப்படி ஆறுகிறது என்று பார்க்க முயலின் கால் எலும்பில் டைட்டானியக் குழாய் ஒன்றை வைத்தாராம். ஆராய்ச்சி முடிந்து கழற்றப் பார்த்தால் வரவில்லை. எலும்பு அதைத் தன்னுடையதாகவே பிடித்துக்கொண்டுவிட்டது! அதை வைத்து 1965-ல் முதல் மனிதருக்குப் பல் பொருத்தினார். அந்த மனிதர் 2006-ல் காலமாகும்வரை நாற்பது வருடத்துக்கு மேல் அதே திருகுகளோடுதான் சாப்பிட்டார்.

“எதுக்கும் பக்கத்துப் பல்லைக் கேட்டுத்தாம்மா முடிவு பண்ணணும்” என்றார் டாக்டரம்மா. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. எங்கள் எதிர்வீட்டுப் பெண்ணுக்கு முப்பத்து நாலு வயது. ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் மேல்வரிசை முன்பல் ஒன்று வேரோடு பிளந்துவிட்டது. அவள் மாமியார், “மேல்பல்லைப் பிடுங்கினா கண்ணு போயிடும்” என்று தடுத்துப் பார்த்தார். கண் நரம்புக்கும் பல்லுக்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. அவளுக்கு இரண்டு பக்கப் பல்லும் முத்துப்போல் இருந்தன. அதைப் போய் ராவ மனம் வருமா? எலும்பும் நன்றாக இருந்தது. முப்பத்திரண்டாயிரம் செலவில் இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டாள். எலும்பு பிடிக்கிறவரை ஐந்து மாதம் கழற்றி மாட்டும் ஒற்றைப் பல்லோடு சமாளித்தாள். இப்போது எது வைத்த பல் என்று எனக்கே தெரியவில்லை.

என் நிலைமை வேறு. சாய்ந்த பல்லில் பெரிய சொத்தை. அதை அடைத்து எப்படியும் கேப் போட்டுத்தான் ஆக வேண்டும். முன்பக்கத்துப் பல்லிலும் ஒரு பழைய அடைப்பு இருந்தது. எலும்போ கரைந்து மெலிந்துவிட்டதால், இம்ப்ளான்ட் என்றால் முதலில் எலும்புத் தூள் வைத்துக் கட்டிச் சரிசெய்ய வேண்டும். செலவும் மாதமும் கூடும். ஆகவே பாலம்தான் என்று முடிவாயிற்று. மூன்று கேப் பதினைந்தாயிரம். பெண்ணுக்கு ஆனது ஒன்பதாயிரம். ஃப்ரிட்ஜ் பணம் பிரிட்ஜுக்குப் போயிற்று என்று இவர் இன்றுவரை கேலி செய்கிறார்.

வேலை தொடங்குமுன் சர்க்கரை பார்த்துவரச் சொன்னார்கள். இம்ப்ளான்டுக்கு இது மிக முக்கியம். சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் புண் ஆறுவதும் எலும்பு பிடிப்பதும் கஷ்டம். எலும்புத் தேய்மானத்துக்கு ஊசியோ மாத்திரையோ எடுத்துக்கொள்கிறவர்கள் பல் பிடுங்குவதற்கு முன்பே அதைச் சொல்லியாக வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் சொல்ல வேண்டும். அதற்காகத் தாமாகவே மாத்திரையை நிறுத்திவிட்டுப் போகக் கூடாது.

கீழே இறங்கியிருந்த மேல்பல்லை முதலில் கொஞ்சம் ராவிச் சமன் செய்தார்கள். இன்னும் சில வருடம் விட்டிருந்தால் அதற்கும் வேர் சிகிச்சை செய்துதான் குறைத்திருக்க வேண்டும் என்றார்கள். பிறகு இரண்டு பக்கப் பற்களை ராவி, பிசைந்த மாவு மாதிரி ஒன்றைத் தட்டில் வைத்து வாய்க்குள் அழுத்தி அளவு எடுத்தார்கள். குமட்டிக்கொண்டு வந்தது. மூக்கால் மூச்சு விட்டுக் கால் விரலை ஆட்டிக்கொண்டே இருங்கள் என்றார் உதவிக்கு இருந்த பெண், நல்ல யோசனை. லேபிலிருந்து பல் வருகிறவரை தற்காலிகக் கேப் போட்டு அனுப்பினார்கள். பத்தாம் நாள் நிரந்தரமாக ஒட்டினார்கள். முதல் வாரம் வாய்க்குள் அந்நிய மனுஷர் வந்து தங்கியிருப்பதுபோல் இருந்தது. கடிக்கும்போது உயரமாகத் தெரிந்தால் பழகிவிடும் என்று விடாமல் உடனே போய்ச் சொல்ல வேண்டும். எனக்கு ஒரு முறை தேய்த்துச் சரிசெய்தார்கள்.

பாலத்துக்குக் கீழே சோறு தங்கும். அதற்கென்று புட்டி கழுவும் பிரஷ்ஷைக் குட்டியாகச் செய்ததுபோல ஒரு பிரஷ் கிடைக்கிறது. ராத்திரி தொங்கு பல்லின் அடியில் அதை விட்டு இழுத்தால் வெளியே வருவதைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். பாலம் கெடுவதைவிட, அதைத் தாங்கும் பல் அடியில் சொத்தையாவதுதான் அதிகம். நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்துப் பதினைந்து வருடம் வரும் என்றார்கள்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்த என் மாமியார் ஒரு நாள் ஜாடையாக, “பல்லு வச்சவங்க எல்லாம் சீடை கடிக்கிறாங்க” என்றார்.

அவர் கதை தனி. எழுபத்து நாலு வயது. 2012-ல் மேலும் கீழும் முழு செட் கட்டினார். இரண்டு மூன்று வருடத்திலேயே கீழ்ச்செட் ஆட ஆரம்பித்தது. பேச்சின் நடுவே அது எழுந்து நின்றால் யாருக்குத்தான் வெட்கமாக இருக்காது! நன்றாகச் சுத்தமாகட்டும் என்று ஒரு நாள் கொதிக்கிற வெந்நீரில் அதைப் போட்டார். பிளாஸ்டிக் வளைந்துகொண்டது. அதிலிருந்து மேல்செட் மட்டும் கல்யாணம் கார்த்திகைக்கு. மற்ற நாளெல்லாம் எவர்சில்வர் சம்புடத்தில். எனக்குத் தெரிந்து அத்தை ஏழெட்டு வருடம் குழைந்த சாதமும் ரசமுமாகவே ஓட்டினார். கறி, கீரைத்தண்டு, முறுக்கு ஒன்றும் கிடையாது. வெற்றிலையைக்கூடச் சின்ன இரும்பு உரலில் இடித்துத்தான் வாயில் போடுவார்.

முழுசெட்டுக்கும் ஆயுள் உண்டு என்பது எனக்கும் தெரியாது. பல் இல்லாத தாடை எலும்பு கரைந்துகொண்டே போகும், செட் மட்டும் அப்படியே இருக்கும், அதனால்தான் ஆட்டம். ஆட ஆரம்பித்தால் உள்பக்கம் புதிதாகப் பூசி இறுக்கலாம். ஐந்து முதல் பத்து வருடத்துக்குள் பெரும்பாலும் புதிதாகவே செய்ய வேண்டிவரும். மேல்செட் அண்ணத்தில் காற்றில்லாமல் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். கீழ்ச்செட்டுக்கு ஒட்ட இடமும் குறைவு, நாக்கு வேறு இடிக்கும். அதுதான் எல்லோருக்கும் தொல்லை. இதற்குக் கீழ்த்தாடையில் இரண்டே இம்ப்ளான்ட் வைத்து, ரவிக்கைக்கு டிச் பட்டன் அமுக்குகிறோமே, அதுபோல் செட்டை அமுக்கி மாட்டுகிற முறை இருக்கிறது. அத்தைக்குச் சர்க்கரை கூடுதல். “என்னை அறுக்க வேண்டாம்” என்றும் சொல்லிவிட்டார். ஆகவே சாதாரண செட்தான்.

செலவை எண்ணிச் சிதம்பரம் அண்ணாமலை நகருக்கு அழைத்துப்போனோம். 1980-ல் பல்கலைக்கழகம் தொடங்கிய பல் மருத்துவக் கல்லூரி அங்கே இருக்கிறது. இப்போது அரசுக் கல்லூரி. பயிற்சி டாக்டர்கள் செய்வார்கள், பேராசிரியர் பார்த்துச் சரிசொல்வார். தனியாரைவிடச் செலவு மிகக் குறைவு, ஆனால் பொறுமை வேண்டும். எங்களுக்கு ஆறு தடவை பஸ் ஏற வேண்டியிருந்தது. சென்னையில் 1953-ல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. புதுக்கோட்டையிலும் 2023-ல் ஒன்று திறந்திருக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவர்கள் விசாரித்துப் பாருங்கள். மெழுகில் பல்லை அடுக்கிக் காட்டிய அன்று அத்தை கண்ணாடியைப் பார்த்துவிட்டு, “இவ்வளவு வெள்ளை வேண்டாம்பா, பொய்யின்னு தெரியும்” என்றார். அந்தப் பையனும் சிரித்துக்கொண்டே நிறத்தை மாற்றிக்கொடுத்தான். அளவு, நிறம், அழகு எல்லாம் மெழுகிலேயே சொல்லிவிட வேண்டும். வார்த்த பிறகு சொன்னால் கஷ்டம்.

புதுசெட் மாட்டிய முதல் வாரம் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. ‘ச’ எல்லாம் ‘ஷ’ ஆயிற்று. சத்தமாக வாசிக்கச் சொல்லியிருந்தார்கள். அத்தை காலையும் மாலையும் கந்த சஷ்டி கவசத்தை உரக்கச் சொல்ல ஆரம்பித்தார். மூன்றாம் வாரம் பேச்சு திருத்தமாகிவிட்டது. முதலில் இட்லி, குழைந்த காய். பிறகு சின்னதாக நறுக்கியவை. இரண்டு பக்கமும் சமமாக மெல்ல வேண்டும். எங்காவது அழுத்திப் புண்ணானால் வீட்டில் கத்தியால் சுரண்டாமல் டாக்டரிடமே காட்ட வேண்டும்.

இப்போது செட்டைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் கீறல் விழுந்து அழுக்குத் தங்கும். மிருதுவான பிரஷ்ஷும் சோப்பும் போதும். கழுவும்போது கீழே ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டால் கை தவறினாலும் உடையாது. ராத்திரி கழற்றி, சாதாரணத் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். மாட்டிக்கொண்டே தூங்கினால் அண்ணம் சிவந்து பூஞ்சை பிடிக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பஸ் நிலையத்துப் பக்கங்களில், ‘ஒரே நாளில் நிரந்தரப் பல்’ என்று போர்டு வைத்துக் காலி இடத்தில் பிளாஸ்டிக் பல்லை வைத்துப் பக்கத்துப் பல்லோடு கம்பி கட்டிப் பூசி அனுப்புகிறவர்கள் உண்டு. என் ஒன்றுவிட்ட அக்கா அப்படி இரண்டாயிரம் ரூபாயில் ‘சிக்கனம்’ செய்தாள். சுத்தம் செய்யவே வழி இல்லாமல் ஈறு அழுகி, கம்பி கட்டிய இரண்டு நல்ல பல்லும் ஆட்டம் கண்டு, ஒன்றுக்கு மூன்றாகப் போயிற்று. பி.டி.எஸ். படித்தவரா, பதிவு எண் போட்டிருக்கிறதா என்று பார்ப்பதற்கு நமக்கு ஒரு கூச்சமும் வேண்டாம். புடவை வாங்கும்போது எத்தனை கேள்வி கேட்கிறோம்!

விளையாடும் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கும் ஒரு வார்த்தை. கீழே விழுந்து நிரந்தரப் பல் வேரோடு கழன்று வந்துவிட்டால் பதறித் தூக்கி எறியாதீர்கள். வேரைத் தொடாமல் பல்லின் தலையைப் பிடித்து எடுங்கள். மண் ஒட்டியிருந்தால் பாலிலோ தண்ணீரிலோ ஒரு முறை அலசுங்கள், தேய்க்கக் கூடாது. முடிந்தால் அதே குழியில் திருப்பி வைத்து, துணியைக் கடிக்கச் சொல்லி ஓடுங்கள். முடியாவிட்டால் ஒரு டம்ளர் பாலில் போட்டு எடுத்துப்போங்கள். அரை மணிக்குள் போனால் அதே பல்லைத் திரும்பப் பொருத்திப் பிழைக்க வைக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஒரு மணிக்கு மேல் ஆக ஆக வாய்ப்பு குறைகிறது. பால்பல்லாக இருந்தால் திருப்பி வைக்கக் கூடாது. அடியில் வளரும் பல்லுக்குக் கெடுதல்.

கிருஷ்ண ஜெயந்திக்கு சீடை செய்தேன். அத்தைக்கு வைத்த பல்லால் அதைக் கடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், அவருக்கு மட்டும் தேன்குழலை மெல்லியதாகப் பிழிந்து கொடுத்தேன். ஊஞ்சலில் உட்கார்ந்து மொறுமொறுவென்று அவர் மெல்லுகிற சத்தம் சமையலறைவரை கேட்டது. நானும் ஒன்றை எடுத்து இடது பக்கம் போட்டுக் கடித்தேன். பதினேழு வருடம் கழித்து அந்தப் பக்கம்!

பாக்கு கறையாக்கும், புகையிலை கூடவே கூடாது என்று சொன்னதால் அத்தை இரண்டையும் விட்டுவிட்டார். சாப்பாட்டுக்குப் பின் வெறும் வெற்றிலை ஒன்று, அதையும் இடிக்காமல் மென்றே சாப்பிடுகிறார். அந்தச் சின்ன இரும்பு உரலைத் தேய்த்துக் கழுவி நான் எடுத்து வைத்துக்கொண்டேன். பாயசத்துக்கு ஏலக்காய் தட்ட வசதியாக இருக்கிறது.